சத்தம் முழுவதும் என்னுடையது

எங்கள் கட்டிடத்தின் கார்தியென் நாகேஸ்வரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத, பாரிஸின் இந்த லா ஷப்பேல் பகுதியில் என்னைவிடத் தகுதியில்லாத ஆள் கிடையாது. அவரை வேலையைவிட்டுத் தூக்கப் பார்த்தவனே நான்தான். ஆனாலும் நன்றி என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன்.

கார்தியென் என்றால் கட்டிடத்தையே பார்த்துக்கொள்பவர். காலை ஆறுக்குக் குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுப்பதிலிருந்து, மாடிப்படி துடைப்பது, தபால் பிரித்துக் கொடுப்பது, வேலைக்குப் போனவர்களின் பார்சலை வாங்கி வைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அதற்காக வாசலருகே ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் கொடுப்பார்கள். லோஜ் என்பார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நாகேஸ்வரிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஈழத்துக் கரவெட்டிக்காரர். இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அண்ணன் குணரத்தினம். ரூ காய் என்ற தெருவில் காய்கறிக்கடை வைத்திருக்கிறார். கோயில் தேரன்று கடை வாசலைக் கழுவி, தேங்காய்களை மலையாக அடுக்கிவைத்துவிட்டு, பட்டு வேட்டியில் கைகூப்பி நிற்கும் மனிதர். கணவர் போன பிறகு தங்கைக்குக் கதவு திறந்துவிட்டவரும், இந்தக் கார்தியென் வேலைக்கு நாலு இடம் அலைந்து சொல்லிவைத்தவரும் அவரேதான்.

எட்டு வருடத்துக்கு முன் நாகேஸ்வரிக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேஷன். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரி. அப்போது மரியகொறற்றி என்ற ஒரு பெண், முன்பின் அறிமுகமே இல்லாதவர், பக்கத்துக் கட்டிலில் யாரையோ பார்க்க வந்தவர், இவருக்கும் தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அந்தக் கஞ்சி வழியாக ஜெபக்கூட்டம், ஜெபக்கூட்டம் வழியாக ஞானஸ்நானம். அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். நாகேஸ்வரி நிறுத்தவில்லை. வாராவாரம் அதே கடையில்தான் வெண்டிக்காய் வாங்குவார். அண்ணன் முகத்தைத் திருப்பி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலையாள் பையைப் போட்டுக் கொடுப்பான்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். பெயர் மார்செல், புதுச்சேரி, வரி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம், எழுபத்து நாலு வயது. மூன்றாம் மாடி. வீட்டு உரிமையாளர்கள் சபைக்குத் தலைவர். சின்னப் பதவி, நான்தான் அதைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். பரம்பரைக் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் ஜெபமாலை. ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். யாருக்கும் தொண்டை கட்டாது.

லோஜில் நடந்தது வேறு விதம். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பதினொரு பேர் வருவார்கள். பெரும்பாலும் ரூ காய் உணவகங்களில் சமைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் அடுப்பு மூட்டும்வரை அவர்களுக்குக் கிடைப்பதே அந்த இரண்டு மணி நேரம்தான். நாகேஸ்வரியோடு பன்னிரண்டு பேர் கட்டிலிலும் தரையிலுமாக நெருக்கியடித்துக்கொண்டு ஒரே நேரத்தில், ஆளுக்கொரு ஜெபத்தை, வாய்விட்டு ஜெபிப்பார்கள். அந்த மூன்று மணி எனக்குத் தூங்கும் நேரம். கடவுளுக்குக் காது கேட்காதா என்று நான் கட்டிலில் புரண்டு புரண்டு கேட்பேன். என் மனைவி ஜிஸ்லேன், “அவருக்குக் கேக்குதுங்க. ஒங்களுக்குத்தான் ரொம்பக் கேக்குது” என்பாள்.

சென்ற வருடம் தவக்காலத்தில் பொறுமை போய்விட்டது. தவக்காலத்தில்தான் போகும் எனக்கு. கட்டிடத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன். அங்கே அர்னோ என்றொரு இளம் அதிகாரி. ஒரு காகிதம் தயாரித்து அனுப்பினான். லோஜில் இனிமேல் எந்த ஜெபமும், எந்த வழிபாட்டுக் கூட்டமும் நடத்தமாட்டேன் என்று நாகேஸ்வரி கையெழுத்திட வேண்டும். போட்டால் விஷயம் முடிந்தது. போடாவிட்டால் வேலை நீக்க விசாரணை.

போடாமல் எங்கே போவார் என்றுதான் நினைத்தேன். மனுஷி யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம், நான் கேட்காமலே, தினமும் மூன்று மாடி ஏறி ரொட்டி கொண்டுவந்து கொடுத்தவர். காகிதம் கிடைத்த மறுநாள் அதே படியேறி அந்தக் காகிதத்தோடு வந்து நின்றார். கையெழுத்து இல்லை.

“ஐயா, சத்தம் உங்களுக்கு வருத்தம் எண்டு எனக்கு முதல்லையே தெரிஞ்சிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சன்னலைப் பூட்டுறம், மெதுவாக் கதைக்கிறம். அதுக்கு ஒரு கடுதாசி தாங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். ஆனா ஜெபிக்கமாட்டன் எண்டு எழுதித்தர ஏலாது.”

“வேலை போயிடும்மா. லோஜும் போயிடும். யோசிச்சுப் பேசு.”

“யோசிச்சனான் ஐயா. ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சனான். பயமாத்தான் கிடக்கு. எனக்குப் போறதுக்கு வேறை இடமில்லை. எண்டாலும் ஏலாது.”

காகிதத்தை என் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. பயந்தவர் பணிந்துவிட வேண்டும் என்பதுதான் என் முப்பத்தெட்டு வருட அலுவலக அனுபவம். இவரோ பயந்துகொண்டே மறுத்துவிட்டுப் போகிறார்.

விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை கூட்டம் நடக்காது என்று எண்ணியிருந்தேன். மூன்று மணிக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. சத்தமே இல்லை, அதுவும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஜிஸ்லேன் பார்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் கீழே போய், அரை மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தாள்.

“என்ன, வேலையக் காப்பாத்து ஆண்டவரேன்னு அழுவுறாங்களா?”

“இல்லீங்க. அத ஒருத்தரும் கேக்கல. நாகேஸ்வரிக்கு தைரியத்தக் குடுன்னு கேட்டாங்க. அப்புறம் ஒங்க முழங்காலுக்காக வேண்டிக்கிட்டாங்க. பேர் சொல்லி. மார்செல் ஐயாவுக்கு சுகத்தக் குடும்னு.”

எனக்காக வேண்டச் சொல்லி இவர்களை யார் கேட்டது என்று கத்தினேன். அன்றைக்குக் கட்டிடத்தில் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

திங்கட்கிழமைப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கும் முறை எனக்கு. உயிர்ப்புத் திருநாள் முடிந்து இரண்டாம் வாரம். சீடர்களான இராயப்பரும் அருளப்பரும் பெரியவர்களின் விசாரணையிலிருந்து திரும்பி வரும் பகுதி. நாகேஸ்வரியின் கூட்டத்தார் பேதுரு, யோவான் என்பார்கள். இனி ஆண்டவரின் நாமத்தை எடுக்கக்கூடாது என்று அந்தப் பெரியவர்கள் மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் நேரே தங்கள் ஆட்களிடம் வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். எல்லாரும் ஒருமனப்பட்டுக் குரலை உயர்த்தி வேண்டுகிறார்கள். எங்களைக் காப்பாற்று என்று அல்ல, பேசத் துணிவு கொடு என்று. வருடாவருடம் கேட்கும் வாசகம். கேட்கும்போதெல்லாம் நான் இராயப்பர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் மிரட்டிய பெரியவர்களின் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பது தெரிந்தது. பாதி வரியில் வாசிப்பு நின்றுவிட்டது. இருமல் வந்ததுபோலச் சமாளித்தேன்.

உடனே வீட்டுக்கு வந்து புகாரைத் திரும்பப் பெற்றேன் என்று எழுத ஆசைதான். பெறவில்லை. ரோஷம் விடவில்லை. புதன்கிழமை விசாரணைக்கு, சபைத் தலைவர் என்ற முறையில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரில் நாகேஸ்வரி. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். உபவாசமாம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அர்னோ ஒரு கட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

“மதாம், இதையெல்லாம் நீங்கள்தான் அனுப்பச் சொன்னீர்களா? பதினொன்று. எல்லாம் ரெக்கொமாந்தே.”

பதிவுத் தபாலை எங்கள் பக்கத்தில் ரெக்கொமாந்தே என்றே சொல்வோம். நாகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஒன்றை எடுத்துப் படித்தேன். ‘சனிக்கிழமைகளில் லோஜில் எழுந்த சத்தம் முழுவதும் என்னுடையது மட்டுமே. மதாம் நாகேஸ்வரி அமைதியாக இருந்தார். தண்டனை உண்டென்றால் அதை எனக்குத் தாருங்கள்.’ இரண்டாவதை எடுத்தேன். அதே மூன்று வரி, பெயர் மட்டும் வேறு. மூன்றாவதும் அதே.

நடந்தது இதுதான். பதினொரு பேரும், மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியே, ரூ பிலிப்-து-ஜிராரில் போட்டோகாப்பிக் கடை வைத்துப் பிரெஞ்சில் கடிதம் எழுதித் தரும் ஸ்ரனிஸ்லாஸிடம் போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதேயுங்கோ அண்ணை என்று ஒவ்வொருவரும் கெஞ்சியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு ரெக்கொமாந்தே போட்டுவிட்டால் எந்தக் காரியமும் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்ரனிஸ்லாஸும் வாக்குத் தவறாமல், முதல் ஆளுக்கு எழுதிய கடிதத்திலேயே பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார்.

“சத்தமே இல்லை என்று வாதாடியிருந்தால்கூட யோசித்திருக்கலாம்” என்றான் அர்னோ. “இப்போது பதினொரு பேர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.”

காப்பாற்றப் போய்க் கவிழ்த்துவிட்டார்கள். நாகேஸ்வரி கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களைப் பார்த்தார். ஒன்றில் நின்று, சிரிப்பும் அழுகையுமாக என்னிடம் நீட்டினார்.

“இது மரியகொறற்றி ஐயா. அவவுக்குப் போன வருசம் தொண்டையிலை ஒப்பரேசன். குரலே இல்லை. வாயை அசைக்கத்தான் ஏலும். அவவும் எழுதியிருக்கிறா, சத்தம் முழுக்கத் தன்ரை எண்டு.”

அதோடு முடிந்தது என் ரோஷம். எனக்கு ஒரு கஷ்டம் என்றால் என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இந்தப் பாரிஸில் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஜிஸ்லேனுக்குமேல் எண்ணிக்கை போகவில்லை. அர்னோவைப் பார்த்துச் சொன்னேன்: “புகார் கொடுத்தவன் நான் ஒருவன்தான். திரும்பப் பெறுகிறேன். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், எனக்கு அது போதும். இந்த அம்மாள் போய்விட்டால் இன்னொருவரை அனுப்புவாய். அவர் எனக்கு ரொட்டி கொண்டுவரமாட்டார்.”

அர்னோவுக்கும் நிம்மதிதான். நடவடிக்கை இல்லை என்று எழுதி முத்திரை போட்டான். நாங்கள் எழுந்தபோது, “இருங்கள், இன்று காலை இன்னும் ஒன்று வந்தது” என்று ஓர் உறையை நீட்டினான். அதே மூன்று வரி. பெயரைப் பார்த்த நாகேஸ்வரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“இது... என்ரை அண்ணை.”

ஸ்ரனிஸ்லாஸ் பதினொரு பேரின் ரகசியத்தையும் பதினொரு பேரிடமிருந்து காப்பாற்றினாரே தவிர, கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் குணரத்தினத்திடம் ஒன்றுவிடாமல் கொட்டியிருக்கிறார்.

அலுவலகத்திலிருந்து ரூ காய்க்கு நாகேஸ்வரி நடந்த வேகத்துக்கு என் முழங்கால் ஈடுகொடுக்கவில்லை. துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். குணரத்தினம் நெற்றி நிறைய விபூதியோடு முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் இந்த முறை அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

“வீடு இருக்கோ?” என்றார்.

“இருக்கு அண்ணை. வேலையும் இருக்கு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முருங்கைக்காயை எடுத்தார். நாகேஸ்வரி விடவில்லை. “ஏன் அண்ணை எழுதினனீங்கள்? நீங்கள் ஒருநாளும் அந்த வாசலுக்கு வந்ததில்லையே.”

“வரேல்லைத்தான். அதுக்காண்டி உன்னைத் தெருவிலை விடுறதே?” கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “உன்ரை சாமி எனக்கு வேண்டாம் பிள்ளை. நீ எனக்கு வேணும்.”

நாகேஸ்வரி அங்கேயே, வாழைக்காய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். அண்ணன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைய உபவாசம் அந்தத் தண்ணீரில் முடிந்தது. வாசலில் மூச்சு வாங்க நின்ற என்னை அப்போதுதான் கவனித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகேஸ்வரி சொன்னார்.

“ஐயா, எட்டு வருசமாச் சனிக்கிழமையிலை நாங்கள் எல்லாரும் கத்திக் கத்திக் கேட்டது இதைத்தான். அண்ணை என்னோடை கதைக்க வேணுமெண்டு.”

மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு நான் நிறுத்தச் சொன்ன சத்தம் அது. நான் நிறுத்தச் சொல்லப் போய்த்தான் அந்த அண்ணன் வாய் திறந்தார். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, நன்றி மட்டும் நிறைய இருக்கிறது. என் வாயை மீறி நல்லது செய்த கடவுளுக்கு, அந்தப் பதினொரு பேருக்கு, பயந்துகொண்டே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த நாகேஸ்வரிக்கு. இப்போதெல்லாம் சனிக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.