இறாத்தலுக்கு நாலு மரைக்கால்

போடியார் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனபோது எனக்கு இருபது வயது. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. ஒன்றேகால் வயது மகளைக் கல்லடியில் அக்காவிடம் விட்டுவிட்டு, களுவாஞ்சிக்குடியில் என் மகளைவிட எட்டு மாதம் இளைய போடியாரின் பொடியனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றேன். நான் நெல் அனுப்பினால்தான் அங்கே என் மகளுக்குச் சோறு.

முதல் நாளே சம்பளத்தைக் கேட்டேன். பட்டினத்துப் பங்களாக்களில் ஆயாமாருக்கு மாதச் சம்பளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். போடியாருக்கு அது விளங்கவே இல்லை. படுவான்கரையில் ஒரு வட்டை முழுக்க அவருடைய வயல். விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் இல்லை. அவர் அறிந்த கூலி அவ்வளவுதான்.

"மாசா மாசம் சும்மா குடுக்கிறதா? புள்ள வளருதா இல்லையா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். கொப்பரா நிறுக்கும் தராசில் மாதம் ஒருமுறை பிள்ளையை நிறுப்பது. ஓர் இறாத்தல் ஏறினால் எனக்கு நாலு மரைக்கால் நெல். இந்த மனுஷனுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தலையையும் ஆட்டினேன்.

நிறுவை நாளில் விடியமுன்னமே பொடியனுக்கு எருமைத் தயிரும் சோறும் ஊட்டிவிடுவேன். போடியார் அவனுடைய அரைஞாண், காப்பு எல்லாவற்றையும் கழற்றுவார். பிறகு, "ஒள்ளுப்பம் பொறு, அவன் இன்னும் வெளிக்குப் போகல்ல" என்று தராசுக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். அவன் போகவேண்டும் என்று அவரும், போகக்கூடாது என்று நானும் பார்த்துக்கொண்டே இருப்போம். பொடியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பான். ஒருமுறை தராசுத் தட்டிலேயே போய்விட்டான். அதைச் சேர்ப்பதா கழிப்பதா என்று அரை மணித்தியாலம் வழக்கு. கடைசியில் போடியாரின் பெண்சாதி வந்து, "அதுவும் நம்மட வீட்டுச் சோறுதானே, சேருங்க" என்று தீர்ப்புச் சொன்னா.

முதல் சில மாதங்கள் நெல் ஒழுங்காகக் கல்லடிக்குப் போனது. பிறகு பொடியன் நடந்தான். அடுத்த மாதம் ஓடினான். என் நெல்லெல்லாம் அவன் காலோடு ஓடியது. அவனை ஓரிடத்தில் இருத்திவைக்க நான் படாத பாடு பட்டேன். கடைவாய்ப்பல் முளைத்தபோது வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த மாத நிறுவையில் ஒன்றரை இறாத்தல் குறைவு.

"அப்ப நீதான் எனக்கு ஆறு மரைக்கால் தரணும்" என்றார் போடியார். பகிடிக்குச் சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெள்ளத்தில பயிர் போனா, வயல் பார்க்கிற முல்லைக்காரனிட்ட நெல்லுக் கேப்பீங்களா?"

அவர் யோசித்தார். "கேப்பன். அவன் தரமாட்டான்."

"அப்ப நானும் தரமாட்டன்."

உடுப்பைக் கட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்துவிட்டேன். என் மகள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். இத்தனை மாதத்தில் இரண்டே தரம் வந்துபோனவளை அவள் எப்படி அறிவாள்? அழ அழத் தூக்கினேன். தூக்கிய கை என்னைக் கேட்காமலே நிறை பார்த்துவிட்டது. கால் இறாத்தல் பிசகாமல் சொல்லப் பழகிய கை. எட்டு மாதம் மூத்தவள், அந்த வயிற்றோட்டக்காரப் பொடியனைவிட இலேசாக இருந்தாள். அவளை இறக்காமலே இருந்து அழுதேன்.

ஒன்பதாம் நாள் போடியார் மாட்டுவண்டியில் வந்தார். மடியில் பொடியன், வாடிப்போய் இருந்தான்.

"இன்னும் ஒரு இறாத்தல் போயிட்டு, புள்ள. ஆர் குடுத்தாலும் தின்னுறானில்ல."

"அது ஆர்ட கணக்கில, போடியார்?"

மனுஷன் நியாயக்காரன்தான். வெகுநேரம் யோசித்து, "என்ட கணக்கிலதான்" என்றார்.

"மாசம் எட்டு ரூபா. இனித் தராசு வேணாம். என்ட மகளும் என்னோட வருவாள், அங்கயே தின்னுவாள்."

எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். வண்டியில் ஏறும்போதுதான் என் மகளைப் பார்த்து, கொஞ்சம் பயந்தவராகக் கேட்டார்: "அப்ப இவளையும் நிறுக்கவேணுமா?"

"வேணாம், போடியார். இவள்ட நிறை எனக்குத் தெரியும்" என்றேன்.