கொல்லிமலையில் ஒரு காலி நாற்காலி

ராசிபுரம் சாலையில் ஒரு லாரி என்னைப் பரலோகத்துக்கு அனுப்பப் பார்த்ததால்தான் சென்ற ஐப்பசியில் கொல்லிமலை ஏறினேன். லாரிமேல் குற்றமில்லை. தம்பி சேகர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பொழுது சாய்ந்தால் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து "ஏனுங்கண்ணா" என்று அவன் குரல் கேட்கும். அன்றைக்கும் கேட்டது, திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டு உச்ச நீதிமன்றமான என் மனைவி, குரல் நிற்கும்வரை வண்டி கிடையாது என்று சாவியைப் பறிமுதல் செய்துவிட்டாள்.

நாமக்கல்லில் காலை ஏழு மணிப் பேருந்து. மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. என் வயிற்றின் கணக்கில் ஏழாயிரம். வாசலூர்பட்டி ஏரியைத் தாண்டி, மிளகுத் தோட்டத்துக்குள், துக்கம் ஆறாதவர்களுக்கு முகாம் நடக்கும் வீட்டுக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். இரண்டு நாள் முகாம், சாப்பாட்டோடு மூவாயிரம்.

நடத்துபவர் மலர்விழி, ஈரோட்டுக்காரர், மனநல ஆலோசகர். காலையில் புத்தர், மதியம் மேல்நாட்டு வைத்தியம். காலையில் மூச்சைக் கவனித்து உட்கார வேண்டும். குரல் வந்தால் விரட்டவும் கூடாது, பின்னால் போகவும் கூடாது, 'கேட்கிறது' என்று பேர் வைத்துவிட்டு மூச்சுக்கு வர வேண்டும். மதியம் அதே குரலை எதிரே ஒரு காலி நாற்காலியில் உட்காரவைத்துப் பேச வேண்டும். ஓடாமல் இருக்க ஒன்று, முகம் பார்க்க ஒன்று என்றார்.

நாலு ஜில்லாவைப் பேச்சாலேயே ஆண்ட நான் வாயை மூடி உட்கார்ந்த அதிசயத்தைப் பார்க்கத்தானோ என்னவோ, மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. பனிக்குள்ளிருந்து "ஏனுங்கண்ணா." காதுக்கு அரையடி தள்ளி. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மூச்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

மதியம் சில்வர் ஓக் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். காலி நாற்காலியிடம் அவன் மகள் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னேன், அவன் எருமை கன்று போட்டதைச் சொன்னேன். தூறல் விழுந்தது. விடை கொடுத்துவிடுங்கள் என்றார் மலர்விழி. "போயிட்டு வாடா" என்றேன். எல்லாரும் உள்ளே ஓடினோம்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இரவெல்லாம் மழை. எல்லா நாற்காலியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. எதிர் நாற்காலி மட்டும் காய்ந்திருந்தது. விரலால் இரண்டு தரம் தடவினேன். நான் எதையும் ஊதிப் பெருக்கும் ஆள்தான். இந்தப் பத்தியில் மட்டும் கைவைக்கவில்லை.

டீ கொண்டுவந்த சமையல்கார அம்மா பொன்னி, இதே மலையில் தேவனூர் நாட்டுக்காரர், நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னங்க சொல்லி அனுப்புனீங்க?"

"போயிட்டு வான்னுதான்."

"வரச் சொல்லிப்போட்டு, வாரான்னு பயந்தா எப்படிங்க சாமி? செத்தவங்கள நாங்க போன்னுதாஞ் சொல்லுவோம்."

பின்னாலேயே வந்திருந்த மலர்விழி சிரிக்கவில்லை. நேற்றே அந்த 'வா'வைக் கவனித்ததாகவும், அதை எடுக்க வேண்டியவன் நான்தான் என்று காத்திருந்ததாகவும் சொன்னார்.

மறுபடி அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். கடைக்குத் தீப்பெட்டி வாங்க அனுப்பும்போதுகூட அவனை வெறுமனே 'போ' என்று சொன்னதில்லை. நான்கு மூச்சு. ஐந்தாவதில் குரல் வந்தது. திரும்பவில்லை.

"போடா, சேகரு."

மதியம் பனி இறங்கி ஏறியபோது எல்லா நாற்காலியும் நனைந்திருந்தது. அதுவும்தான். துண்டை எடுத்து அதைத் துடைத்தேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். பேருந்தேறும் முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். கடைசி வண்டி எப்போது என்று செம்மேட்டில் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது நாற்காலிக்கு அழைத்தால், எந்தச் சொல்லில் அனுப்புவது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

சாவி திரும்பக் கிடைத்துவிட்டது. பின்சீட்டிலிருந்து இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பொழுது சாயும்போது கண்ணாடியில் மட்டும் ஒரு தரம் பின்னால் பார்த்துக்கொள்கிறேன். சாலை விதி அப்படித்தானே சொல்கிறது.