உயிரோடு ஒரு கொடுவா

வாகரையில் இருந்த தன் அக்காவைக் கடல் கொண்டுபோன பிறகு என் மனைவி மீன் தின்பதை விட்டுவிட்டாள். சுனாமி முடிந்த அந்த நாட்களில் கடலில் போன உடல்களை நினைத்து எங்கள் பக்கத்தில் பலரும் மீனை விட்டிருந்தார்கள். சில மாதங்களில் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். அவள் தொடங்கவில்லை. நான் வாவியில் வலை போட்டுப் பிழைப்பவன். மீன் கொண்டுபோனால் எனக்கு மட்டும் ஆக்கித் தருவாள். முகம் சுளிக்கமாட்டாள். அதனாலேயே அது கோபமா, துக்கமா, விரதமா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

நான்கு வருடங்கள் அப்படிப் போயின. வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த மாதங்களில் அவள் நன்றாக மெலிந்துவிட்டாள். கிணற்றில் இரண்டு வாளி அள்ளினால் மூச்சு வாங்கியது. ஒரு காலை அடுப்படியில் இருந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“வாய்க்கு ஒரு மீன் தின்னோணும் போல கிடக்கு.”

“இந்தா, இப்பவே வலைய எடுத்துக்கிட்டுப் போறன்.”

“வலையில செத்தது வேணாம். உசிரோட வரணும். இறால் குத்திப் புடிச்சதும் வேணாம்.”

“இறாலுக்கு என்ன புள்ள?”

“அது என்னத்தத் திண்டுதெண்டு ஆருக்குத் தெரியும்?”

அப்படியானால் மீன் மட்டும் என்னத்தைத் தின்கிறது என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். வாவி மீனும் முகத்துவாரத்தால் கடலுக்குப் போய் வருவதுதான். அவளுக்கும் அது தெரியும். ஆனால் நாலு வருடத்தில் அவளாகக் கேட்டது இது ஒன்றுதான். இதைத் தவறவிட்டால் இனிக் கேட்கமாட்டாள் என்று பயந்தேன்.

இரை இல்லாமல் எப்படிப் பிடிப்பது என்று யோசித்தபோது நிவாரணப் பெட்டி ஒன்று ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்து வந்த உடுப்புகளுக்கு நடுவில் அது இருந்தது. உள்ளே பயறளவு ஈயத் தலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டில் முள்ளு, பின்னால் சின்ன மீனுடையதுபோல மஞ்சளும் பச்சையுமாக ரப்பர் வால். பெட்டி மூடியில் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு மீனின் படம். அந்த மீன் எங்கள் வாவியில் இல்லை. எழுதியிருந்த இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது.

கரையில் அதைக் கண்டு, கூட வலை போடும் மச்சான் ஒருவன் சிரித்தான்.

“என்ன மச்சான், மீனுக்குத் தோடு குத்தப் போறியா?”

“ஒண்டுமில்லகா, சும்மா.”

“பாத்து, பொம்புளையாப் பொறந்த கெண்டையெல்லாம் உன்ட பக்கம் ஓடி வரும்.”

நாவற்குடாக் கரையில் இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது. அடையாள அட்டையை அங்கே கொடுத்துவிட்டுத்தான் தோணியை இறக்க வேண்டும், திரும்பி வந்துதான் வாங்க வேண்டும். மூன்று காலைகள் கொடுத்து வாங்கினேன். தண்ணீருக்குள் நிற்கும் கண்ணா மரங்களின் வேர் ஓரமாக அந்த ரப்பர் வாலைப் போட்டு வேகமாக இழுத்தேன். மீன் இல்லை. வெட்டி வெட்டி இழுத்தேன். வேரில் மாட்டி இரண்டு அறுந்தன. மெல்ல அடியில் உரசி இழுத்தேன், பாசிதான் வந்தது. ஒவ்வொரு நாளும் வெறும் வாளியோடு போனேன். அவள் வாளியைப் பார்ப்பாள். மூன்றாம் நாள் பார்க்கவில்லை.

நாலாம் நாள் காவலரணில் நின்ற ஆமிக்காரன் கரைக்கு இறங்கி வந்து, நான் தோணியில் இருந்து செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈயத்தை எறிந்து இழுக்கத் தொடங்கினேன். அவன் துவக்கைத் தோளில் மாட்டியபடி உரத்துக் கூப்பிட்டான்.

“நிக்கங்! நிக்கங் இன்ன!”

எனக்குச் சிங்களம் தெரியாது. நிக்கச் சொல்கிறான் என்றுதான் காதில் விழுந்தது. துவக்கு வைத்திருப்பவன் நிக்கச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. அந்த ஒடுங்கிய தோணியில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். தங்கூசி நூல் விரலில் சுற்றியபடியே இருந்தது. அடியில் கிடந்த ஈயமும் கூடவே எழும்பி, தண்ணீரின் நடுவில் தொங்கியிருக்க வேண்டும்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு கையைத் தட்டையாக விரித்துக் காட்டினான். அசைக்காதே என்கிறானா, இரு என்கிறானா, தெரியவில்லை. பொலன்னறுவையில் வேலை செய்த ஒருவர் பிறகுதான் சொன்னார், அந்தச் சொல்லுக்குச் சும்மா இரு என்று அர்த்தமாம். தூண்டிலைச் சும்மா விடு, இழுக்காதே என்றிருக்கிறான்.

நான் அசையாமல்தான் நின்றேன். ஆனால் கைகள் நடுங்கின. அந்த நடுக்கம் நூல் வழியாக இறங்கிப் போயிருக்கும். விரலை யாரோ கடித்து இழுத்ததுபோல் இருந்தது. தோணி சரிந்தது, நான் குந்தினேன், நூல் விரலை அறுத்தது. முழங்கை நீளத்தில் ஒரு கொடுவா தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்தது. ரப்பர் வால் உதட்டோரம் தொங்கியது. அசையாமல் இருந்ததால் கடித்ததா, நடுங்கியதால் கடித்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு பலமுறை இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

அட்டையைத் திருப்பித் தரும்போது அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. தமிழில் சொல்லியிருக்கலாம்.

வாளியில் பாதி தண்ணீர் வைத்து, ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். மீன் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

“உசிரோடதான் இருக்கு,” என்றேன்.

“தெரியுது.”

“விடட்டா?”

“எங்க விடுற?”

கத்தியை அவளே எடுத்து வந்தாள். நான் வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆயிரம் மீன் பார்த்தவன், அன்றைக்கு ஏன் பார்க்க முடியவில்லை என்று தெரியாது. புளி கரைத்து ஆக்கினாள். தலையை எனக்குப் போட்டு, நடுத்துண்டைத் தன் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். சோற்றைப் பிசைந்தாள், நிறுத்தினாள், திரும்பவும் பிசைந்தாள்.

“உப்புக் காணாது,” என்றாள்.

எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போய் உப்பைத் தேடி எடுத்து வந்தேன். அவள் அந்தத் துண்டின் முள்ளைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, சட்டியில் இருந்து அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உறைப்பாக இருக்கலாம். உப்பைக் கேட்கவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.