சிப்பாயின் நேயர் விருப்பம்

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு முந்தைய நாள், புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் ஹில்ஸ்பரோ வீட்டில், மகள் மடிக்கணினியைத் திறந்துகொண்டு என் எதிரே அமர்ந்தாள். “அப்பப்பாவைப் பற்றி ஒரு ஹாப்பி ஸ்டோரி சொல்லுங்கோ அப்பா. ஸ்பீச்சுக்கு வேணும்” என்றாள். கோபம் வந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்று சொன்னேன். அவள் தட்டச்சு செய்தாள். என் நினைவில் வந்து நின்றது வேறொன்று. அது மகிழ்ச்சியான கதையா என்று இன்னமும் எனக்குத் தீர்மானமில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கடல் கடந்து வந்திருந்த ராணுவமொன்று, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் காவலரண் அமைத்திருந்தது. அண்ணாவை விசாரணைக்கென்று அழைத்துப்போய் ஆறு நாளாகியிருந்தது. அப்பா தினமும் காலையில் முகாம் வாசலுக்குப் போவார். விடுவிக்கப்படுவோரின் பெயர்களை அங்கே வாசிப்பார்கள். வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். அதைப் பார்த்தே அன்றும் பெயர் வரவில்லையென்று அம்மா அறிந்துகொள்வார்.

மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்துத்தான் செய்தி கேட்போம். சுற்றுவது என் உத்தியோகம்.

ஏழாம் நாள் மாலை, காவலரணிலிருந்த சிப்பாய் ஒருவன் எங்கள் படலையைத் தட்டினான். மதுரைப் பக்கத்தவன். தோளில் துப்பாக்கி இருந்தும் கூச்சத்துடன் நின்றான். வெளிநாட்டில் பணிபுரியும் படைவீரர்களுக்கென்று அவர்கள் நாட்டு வானொலி அந்த நேரத்தில் பாட்டு ஒலிபரப்பும். வீட்டார் கடிதம் எழுதிக் கேட்டால் பெயர் சொல்லிப் போடுவார்கள்.

“இன்னிக்கு எம் பேரு வரும்னு பொஞ்சாதி எழுதிருக்கா சார். எங்க ரேடியோ செத்துப்போச்சு.”

அப்பா, “இருங்கோ தம்பி” என்று உட்காரக் கதிரையை நகர்த்தினார். என்னிடம், “சுத்தடா” என்றார்.

சுற்றினேன். “ஒங்க ஊர்ல பாட்டு கேக்கவே வேர்க்க வேர்க்க உழைக்கணும் போலயே தம்பி” என்று சிப்பாய் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இப்போது அண்ணாவைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அறிவிப்பாளர் ஊரும் பெயருமாக வாசித்துக்கொண்டே போனார். தன் ஊர் வந்ததும் சிப்பாய் ரேடியோவின் மேல் குனிந்தான். நான் பெடலை விட்டேன்.

ஒலி தேய்ந்து நின்றது. “அண்ணாவை விடச் சொல்லுங்கோ, சுத்துறன்” என்றேன்.

அப்பா என்னை அறைந்தார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பிறகு முழங்காலிட்டுத் தாமே சுற்றினார். ரேடியோ மீண்டும் ஒலித்தபோது பாட்டுத் தொடங்கியிருந்தது.

சிப்பாய் என்னைத் திட்டவில்லை. “எம் பேரைச் சொன்னாங்களா சார்?” என்று மட்டும் அப்பாவைக் கேட்டான்.

“ஓம் தம்பி, சொன்னவை. எனக்கு வடிவாக் கேட்டது. இது உங்கட பாட்டுத்தான்.”

அந்த இடைவெளியில் எவருக்கும் எதுவும் கேட்டிருக்க முடியாது. சிறு பொய்க்கும் மாணவர்களை வெயிலில் நிறுத்தும் ஆசிரியர் அவர். பாட்டு முடியும்வரை சுற்றினார். சிப்பாய் விடைபெறும்போதும் அப்பா அண்ணாவின் பெயரை எடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அண்ணா வந்துசேர்ந்தார். அதற்கும் அந்த மாலைக்கும் தொடர்புண்டா என்பதை நான் அறியேன்.

யாரோ ஒருவனுக்காக அப்பா அண்ணாவை மறந்துவிட்டார் என்றே அன்று நினைத்தேன். ஒரு பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, அது வராமல் வீட்டுக்கு நடப்பது எப்படியென்று அந்த முற்றத்தில் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னம் எரிந்தது மட்டுமே.