சவுண்டு பல்பு அணைந்த பிறகு

நான் கருப்புச் சட்டைக்காரன். பேய் என்றாலும் சாமி என்றாலும் சிரித்துவிட்டுப் போகிற ஆள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு சினிமா கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தேன். என் மனைவி கமலாவுக்குப் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளும் அழவே இல்லை. உயிரில்லாமல் துணியில் சுற்றித்தான் என் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு வலி எடுத்ததும் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சுகப்பிரசவத்துக்கு ஊரே வேண்டிக்கொள்கிற சாமி மலைக்கோட்டையில் இருக்கிறதே, அதைச் சொல்லி, "தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார் வேண்டிக்குங்க, இந்தத் தடவையாவது" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு மேட்னி ஷோவுக்கு வந்துவிட்டேன். மாற்று ஆள் கிடையாது, போகாவிட்டால் வேலை போய்விடும்.

பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோனது. சவுண்டுக்கென்று புரொஜெக்டருக்குள் ஒரு சின்ன பல்பு உண்டு. அதன் வெளிச்சம் பிலிம் ஓரத்தில் சத்தம் பதிந்த கோட்டின் வழியாகப் போய் போட்டோ செல்லில் விழுந்தால்தான் உள்ளே இருக்கிற உலோகத் தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும், அந்த ஓட்டம்தான் ஸ்பீக்கரில் பாட்டும் வசனமும். வெளிச்சம் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

பல்பு பியூஸ். மெஷினை நிறுத்தி அதைக் கழற்றினேன். வேறு பல்பும் இல்லை. கீழே விசில், கூச்சல். "என்னய்யா பண்றே மேல?" என்று கத்திக்கொண்டே மேனேஜர் படியேறுகிறார். எனக்குக் கமலாவின் முகம்தான் தெரிந்தது. கேபின் ஜன்னலில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மலைக்கோட்டை. கும்பிட்டேன், அழுதேன்.

"ஒரே ஒரு தடவை அழுற சத்தம் கேட்டாப் போதும். வேற எதுவுமே கேக்க மாட்டேன்."

ஸ்பீக்கரில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

பல்பு என் உள்ளங்கையில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறது. கொட்டகையே கப்சிப்.

"படம்தான் நின்னுபோச்சே, யாரு புள்ளைய்யா அழுவுது?" என்றார் மேனேஜர்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் பறந்தேன். நர்ஸ் வாசலிலேயே சொன்னாள்: "பொண்ணுங்க. மூச்சு நல்லா இருக்கு. ஆனா அழவே இல்லை, தட்டிக்கூடப் பார்த்துட்டோம்."

அவளுக்கு இப்போது எட்டு வயது. நாம் பேசுவது எல்லாம் காதில் விழுகிறது. கீழே விழுந்து அடிபட்டால் கண்ணீர் வரும், சத்தம் வராது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். ஒரே ஒரு தடவை போதும் என்று கேட்டவன் நான்தான்.

"நம்ம பொண்ணு குரல் எப்படிங்க இருந்திருக்கும்?" என்று கமலா சில சமயம் கேட்பாள். எனக்குத் தெரியும். இதுவரை அவளிடம் சொன்னதில்லை.