எத்தியோப்பியா மூக்கையா

கேகாலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் மூக்கையா சமையற்காரராகச் சேர்ந்தது வாய்த்திறமையால்தான், கைத்திறமையால் அல்ல. மழையிலும் அட்டைக்கடியிலும் பால் வெட்டி அலுத்துப்போன மனுஷன், பங்களாவுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் குளித்துத் தலைசீவிப் போய் நின்றார். தோட்டத்து மேலாளர், துரை ஆனந்தராசா, யாழ்ப்பாணத்துக்காரர். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

சோறு, பருப்பு என்று சொன்னால் யார் சேர்ப்பார்கள்?

"எந்த நாட்டுக் கோப்பி வேணும்னாலும் போடுவேனுங்க தொரை. கொழும்புல பெரிய ஹோட்டல்ல இருந்தவன்" என்று அடித்துவிட்டார் மூக்கையா.

ஹோட்டலில் இருந்தது உண்மைதான். கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

துரையின் மனைவி மனோகரிக்கு விருந்து வைப்பதென்றால் உயிர். சாப்பாடு முடிந்ததும், "மூக்கையா, இண்டைக்கு எந்த நாடு?" என்பார். சமைக்கிற குசினிக்குப் பின்னால் நின்ற ஒற்றைக் கோப்பிச் செடிதான் மூக்கையாவின் உலகம். ஏலக்காய் தட்டிப் போட்டால் துருக்கி. பாலை நிறைய ஊற்றினால் பிரான்சு. கருக வறுத்தால் பிரேசில். கவனம் பிசகி இன்னும் கருகிப்போன ஒருநாள் இத்தாலியும் பிறந்தது. விருந்தாளிகள் தலையாட்டிக் குடித்தார்கள். மூக்கையா மட்டும் எதையும் ஒரு வாய் குடித்ததில்லை. அவருக்குக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத சாயத்தண்ணித் தேநீர் குடித்தால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் மனோகரியின் அண்ணன் கணேசலிங்கம் லீவில் வந்தார். கப்பலில் எஞ்சினியர். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைகளில் கிடைக்காத அந்தக் காலத்தில், மூன்று துணிப்பைகளில் பச்சைக் கோப்பிக்கொட்டை கொண்டுவந்திருந்தார். பிரேசில், ஜாவா, எத்தியோப்பியா.

"வறுக்கிறதுக்கு இஞ்ச ஆள் இருக்கு அண்ணா" என்றார் மனோகரி, பெருமையாக.

மூக்கையா பைகளைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனார். முதல் இரண்டு பைகளை ஒருவழியாக வறுத்து, உரலில் இடித்துவிட்டார். மூன்றாவது பையைப் பிரித்ததும் குப்பென்று வாசம் அடித்தது. பழம் புளித்துச் சாராயத்துக்குத் திரும்புகிற மாதிரி.

"கப்பல்லயே கெட்டுப்போச்சு புள்ள" என்றார், உதவிக்கு வந்திருந்த மனைவி மருதாயியிடம்.

"கொண்டாந்தவருகிட்டயே ஒரு வார்த்த கேளேன்."

"கேட்டா நம்ம மருவாதி என்னாகும்?"

மரியாதையைக் காப்பாற்ற, எத்தியோப்பியாவை அப்படியே குப்பைக்குழியில் கொட்டினார். அதற்குப் பதில் வீட்டுச் செடிக் கொட்டையை, கொஞ்சம் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்தார்.

மாலையில் விறாந்தையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரேசில் தேறியது. ஜாவாவும் தப்பியது. மூன்றாவது கோப்பையை வாயில் வைத்த கணேசலிங்கம் அப்படியே நிமிர்ந்தார்.

"தங்கச்சி, உது எங்கட அம்மா காய்ச்சுற கோப்பியெல்லோ!"

"அந்த நாட்டுலயும் மல்லி போடுவாங்கய்யா" என்றார் மூக்கையா.

"நான் அந்த நாட்டுத் துறைமுகத்தில மாசக்கணக்கா நிண்டனான். கொட்டையை என்ன செய்தனி?"

"கெட்டுப்போச்சுங்க. புளிச்ச வாசம். குழியில கொட்டிட்டேன்."

"அட பாவி, அதுதான் அதின்ர வாசம்! பழத்தோடயே காயவைக்கிறவங்கள். எங்க குழி?"

கணேசலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னால் துரை, அவர் பின்னால் மூக்கையா. வெங்காயத் தோலையும் முட்டைக்கோதையும் விலக்கி, மூவரும் குனிந்து பொறுக்கினார்கள். துரைக்குப் பக்கத்தில் தானும் குப்பை பொறுக்கிய அந்த நேரத்தில் மூக்கையாவுக்கு வந்தது சிரிப்புத்தான்.

"பேரு மட்டுந்தாங்க மூக்கையா. மூக்கு இல்லீங்க" என்றார்.

துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை தப்பியது அங்கேதான்.

கழுவி, உலர்த்தி, கணேசலிங்கமே பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல மூக்கையா இளம் பதமாக வறுத்தார். காய்ச்சியதும், "முதல்ல நீ குடி" என்று கோப்பையை அவர் கையில் கொடுத்தார் கணேசலிங்கம். பால் இல்லை, சீனி இல்லை. முதல் மிடறு கசந்தது. அடுத்ததில் கோப்பிச் செடி பூக்கிற காலத்து வாசம் மெல்ல ஏறியது. குசினி ஜன்னலில் வருஷாவருஷம் வந்து நின்ற வாசம்தான்; இத்தனை நாள் அதைக் கருக்கியே கொன்றிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

மீதியை மருதாயியிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கா மூணு பேரும் குழியில எறங்கினீங்க? சீனி போடு."

மறுநாள் காலை தொழிலாளர் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துக்குள் கதை வந்துவிட்டது. அன்று முதல் அவர் எத்தியோப்பியா மூக்கையா. முதலில் கோபப்பட்டார். கோபப்பட்டால் இன்னும் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும், தானே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. துரை குடும்பம் யாழ்ப்பாணம் போனது. மூக்கையா சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டார். பலகை எதுவும் எழுதவில்லை. ஆனால் பஸ் கண்டக்டர்மார் அந்த இடத்தில் "எத்தியோப்பியா, எத்தியோப்பியா" என்றுதான் ஆட்களை இறக்கினார்கள். வெளியூர்க்காரர் யாராவது மிரண்டு எட்டிப் பார்த்தால், மூக்கையா கையை ஆட்டிக் கூப்பிடுவார்.

"பயப்படாம எறங்குங்க. பாஸ்போட் வேணாம்!"