வேரடி மண்

அவருக்குப் பட்டை டாக்டர் என்று பெயர். ஆரஞ்சு மரத்தின் அடிப்பட்டையில் பிசின் ஒழுக ஆரம்பித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அழுகின பட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையை அந்த இடத்தில் பூசுவார். பெரிய தோட்டம் ஒன்றில் முப்பது வருஷமாக அதுதான் வேலை. படிப்பு கிடிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் பட்டையை மோந்து பார்த்தே பூஞ்சை எத்தனை தூரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் அலட்டலும் உண்டு; இருந்துவிட்டுப் போகட்டும்.

மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே மகள். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில், வேறொரு ஆரஞ்சுத் தோட்டக்காரர் வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்தார். அதிலிருந்து வீடு வீடாக இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இரண்டு டம்ளரை எடுத்து வைப்பார். பிறகு நினைவு வந்து ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மகளால் நகர முடியவில்லை. எப்போது வருவீர்கள் என்று வாரம் தவறாமல் போனில் கேட்பாள். இவருக்கோ கால் பரபரக்கும், மனசு தடுக்கும். சம்பந்தி வீட்டுக்குச் சும்மா எப்படிப் போய் நிற்பது? ஒரு காரணம் வேண்டாமா?

காரணத்தை அவரே வளர்த்தார். முள் கிழித்தாலும் விடாமல் மகள் சின்ன வயதில் ஏறிய எலுமிச்சை மரம் ஒன்று தோட்டத்துக் குடியிருப்புக்குப் பின்னால் நின்றது. அதன் விதையைப் போட்டுக் கன்றாக்கி, எட்டு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். இலையில் ஒரு புள்ளி கிடையாது, தண்டில் ஒரு கீறல் கிடையாது. வேரடி மண் உதிராமல் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார். செருப்பு மண்ணில் நோய் வந்துவிடும் என்று, வெளியாள் யார் வந்தாலும் மயில்துத்தத் தண்ணீரில் செருப்பை நனைக்காமல் தோட்டத்துக்குள் விடாத மனுஷன் அவர். சாக்குக்குள் இருப்பது நோய் கண்ட தோட்டத்து மண் என்பது மட்டும் உறைக்கவில்லை. மகளைப் பார்க்கப் போகிற அவசரத்தில் முப்பது வருஷ அறிவும் காற்றில் போயிற்று.

சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி, தோட்டத்து வாய்க்கால் தொடங்குகிற தலைப்பிலேயே மகள் அதை நட்டாள். அடுத்த தடவை போக அடுத்த காரணம் வேண்டுமே என்று யோசித்ததில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு மாப்பிள்ளையே போன் செய்தார். முன்வரிசை மரங்களில் இலை மஞ்சளடித்துக் கொட்டுகிறது, நீங்கள் வந்து பார்த்தால் தேவலை என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட டாக்டர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

வந்து குனிந்து பார்த்தார். மரத்துக்கு மரம் அடியில் பிசின். வாய்க்கால் போன வழியிலேயே நோயும் போயிருந்தது. தண்ணீருக்கு எதிராக நடந்துகொண்டே போனார். தலைப்பில் எலுமிச்சை நின்றது. அதன் அடியிலும் பிசின்.

பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கலாம். மழையைக் காரணம் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் இந்த வாசலை மறுபடி மிதிக்க முடியுமா? சொல்லாவிட்டால் நாளைக்கும் இதே தண்ணீர் ஓடும். மகள் குடும்பத்துக்கு இந்தத் தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை.

"நான் கொண்டுவந்த செடிதான் மாப்பிள்ளை. அதோட வேர் மண்ணுல வந்திருக்கு. முதல்ல தண்ணிய நிறுத்துங்க."

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எலுமிச்சையைத் தானே தோண்டி எடுத்து எரித்தார். பிழைக்கிற மரங்களுக்குப் பசை பூசினார், பிழைக்காதவற்றை வெட்டச் சொல்லிக் காட்டினார். எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, நோய் அடங்குகிற வரைக்கும் உங்கள் தோட்டத்திலிருந்து யாரும் இங்கே வராமல் இருந்தால் நல்லது என்றார். எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. இவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மகள் கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"நான் செடியாப்பா கேட்டேன்? உங்களைத்தானே வரச்சொன்னேன்."

அவள் அவர் கையைப் பிடிக்க வந்தாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மண் இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.